உப்புக்காற்றைத் தாங்கும் உயிர்வேலி

கேள்வி: பினாங்கில் தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் கடலை ஒட்டிய தரைவீடு எங்களுடையது. வேலியாக வைத்த செம்பருத்தியில் இலை ஓரமெல்லாம் கருகுகிறது. உரம் போட்டும் தேறவில்லை. வேறு எந்தச் செடி வைக்கலாம்?

பதில்: உரம் போடுவதை முதலில் நிறுத்துங்கள். காற்றோடு வரும் உப்புத்துளி இலையில் படிந்து உள்ளே இறங்குகிறது. அந்த உப்பு இலை ஓரத்தில் போய்ச் சேர்வதால்தான் கருகல் அங்கே தொடங்குகிறது. கடலைப் பார்த்த பக்கம் அதிகம் கருகியிருந்தால் சந்தேகமே வேண்டாம். ரசாயன உரமும் ஒருவகை உப்புதான். கூடுதலாகப் போட்டால் பாதிப்பும் கூடும்.

உங்கள் இடத்துக்கு நான் சொல்வது சங்கங்குப்பி. மலாய்க்காரர்கள் கம்பீர் லாவுட் என்பார்கள். நர்சரியில் அந்தப் பெயரில் கேளுங்கள். தமிழ்நாட்டுக் கடலோரத்திலும் இங்கே அலையாத்திக் காட்டு விளிம்பிலும் தானாக வளரும் செடி. பளபளப்பான கரும்பச்சை இலை, வெள்ளைப் பூ, அதிலிருந்து நீண்டு நிற்கும் ஊதா இழைகள். இலை கடும் கசப்பு, ஆடுகூட வாய் வைக்காது. சித்த மருத்துவத்தில் பயன்படும் மூலிகைதான் என்றாலும், வைத்தியரைக் கேட்காமல் யாரும் உட்கொள்ள வேண்டாம்.

பென்சில் தடிமனில், ஒரு சாண் நீளத்துக்குக் குச்சி வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். கடற்கரையில் போய் ஒடிக்காதீர்கள்; அந்தச் செடிகள் கரை மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. நர்சரியில் இரண்டு மூன்று செடி வாங்கினால் போதும், மீதியை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். நல்ல வெயில் படும் இடமாக, ஒன்றரை அடி இடைவெளியில் ஒரே வரிசையாக நடுங்கள். வெறும் மணலாக இருந்தால் மக்கிய ஆட்டெரு கொஞ்சம் கலக்கலாம். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் நடாமல் மழைக்காலம் தொடங்கும்போது நடுவது நல்லது. வேர் பிடிக்கும்வரை நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

இந்த வேலியின் அழகு கத்தரியில்தான் இருக்கிறது. பலர் ஆள் உயரம் வரட்டும் என்று வெட்டாமல் விடுவார்கள். அப்புறம் அடியில் வெறும் குச்சிதான் தெரியும். ஓரடி வளர்ந்ததுமே நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வெடிக்கும். அதுவும் அரை அடி நீண்டால் மறுபடி வெட்டுங்கள். மேல்பக்கத்தைவிட அடிப்பக்கம் சற்று அகலமாக இருக்கட்டும், கீழ் இலைக்கும் வெயில் கிடைக்கும். தரையில் படும் கிளை அங்கேயே வேர்விட்டுப் பரவும். அதனால் கால்வாயிலிருந்து இரண்டடி தள்ளி நட்டு, தாழ்ந்த கிளைகளை அவ்வப்போது எடுத்துவிடுங்கள்.

செம்பருத்தியைத் தூக்கி எறிய வேண்டாம். புதுவேலி இடுப்பளவு வந்ததும் அதற்கு உள்பக்கமாக மாற்றி வையுங்கள். காற்று பலமாக அடித்த நாளின் மாலையில் இலைகளை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டால் போதும்.