மூழ்கியவர்களின் படம் எங்கே?

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன் நான். ஊரே நம்பும் அரசியல், பொருளாதார, சமய நம்பிக்கைகள் குறித்துக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்திருக்கின்றன. என் துறைக்குள் வருபவற்றுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மனமுருகப் பிரார்த்தித்ததால் நோய் குணமானது என்று என் உறவினர்களில் நான்கு பேர் சொல்கிறார்கள். நான்கு பேருமா பொய் சொல்வார்கள்?

ஒருவரும் பொய் சொல்லவில்லை அம்மா. பிரார்த்தித்தது உண்மை, குணமானதும் உண்மை. முன்னதால்தான் பின்னது நடந்தது என்பதற்குத்தான் சான்று வேண்டும்.

ரோமானிய எழுத்தாளர் சிசரோ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சி இது. டயாகோரஸ் என்ற கிரேக்கர் சாமோத்ரேஸ் தீவுக்குப் போனார். தெய்வங்களுக்கு மனிதர்மேல் அக்கறை கிடையாது என்று வாதிடுபவர் அவர். அங்கே ஒரு நண்பர் காணிக்கைப் படங்களைக் காட்டினார். எல்லாம் புயலில் சிக்கி, வேண்டிக்கொண்டு, உயிரோடு கரை சேர்ந்தவர்கள் வைத்தவை. ‘இத்தனை பேர் பிழைத்திருக்கிறார்களே, பார்க்கவில்லையா?’ என்று கேட்டார். டயாகோரஸ் சொன்ன பதிலின் சாரம்: கப்பல் உடைந்து கடலில் மூழ்கியவர்களை யாரும் படம் எழுதி மாட்டவில்லையே.

இந்தப் பகுதி முழுவதும் இதையே திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறேன். உங்கள் உறவினர்களைப் போலவே உருகிப் பிரார்த்தித்தும் இறந்துபோனவர்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்து கதை சொல்வதில்லை. அவர்களையும் எண்ணினால்தான் கணக்கு முழுமையாகும்.

அப்படி எண்ணியும் பார்த்திருக்கிறார்கள். ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1802 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. முதல் பிரிவுக்காகப் பிரார்த்தனை நடந்தது, இரண்டாவதற்காக நடக்கவில்லை. தங்களுக்காக நடக்கிறதா இல்லையா என்பது இந்த இரு பிரிவினருக்கும் தெரியாது. மூன்றாம் பிரிவினரிடம் ‘உங்களுக்காகப் பிரார்த்திக்கிறார்கள்’ என்று சொல்லியே செய்தார்கள். சிக்கல் ஏற்பட்டவர்கள் முறையே 52, 51, 59 சதவீதம். அந்த 59ஐக் காட்டிப் பிரார்த்தனை கெடுதல் செய்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள், அது தற்செயலாகவும் இருக்கலாம். முதல் இரண்டு எண்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை என்பதே செய்தி. உடல்நலமில்லாதவரின் அருகில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொள்வது தரும் ஆறுதல் வேறு. அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்லமாட்டேன். மருந்தை நிறுத்திவிட்டு அதை மட்டும் நம்பாதீர்கள் என்பதே என் மன்றாட்டு.

கேள்வி: என்னை முன்பின் பார்த்திராத ஜோதிடர் என் குணத்தை அச்சு அசலாகச் சொன்னார். எப்படி?

1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ‘உங்கள் ஆளுமை அறிக்கை’ என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லாத் தாளிலும் எழுதியிருந்தது ஒன்றே.

இதை என் வகுப்பிலும் செய்திருக்கிறேன். உறைமேல் அவரவர் பெயர், உள்ளே ஒரே பத்தி: ‘வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் தயங்குபவர், உங்கள் திறமை முழுவதும் இன்னும் வெளிப்படவில்லை…’ மூன்றாவது பெஞ்சில் ஒரு மாணவி படித்துவிட்டுத் தாளை நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. ‘பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிப் படியுங்கள்’ என்றேன். அவள் அந்தத் தாளைத் திரும்ப எடுக்கத் தயங்கியதை இன்றும் மறக்கவில்லை. அவளுக்கு அது தன்னைப் பற்றியது, வேறு யாரைப் பற்றியதும் அல்ல. உங்கள் ஜோதிடர் சொன்னதும் உங்களுக்கு அப்படித்தான் பட்டிருக்கும்.

கேள்வி: அது பொதுப்படையான பேச்சு. முறையாகக் கற்ற ஜோதிடர்கள் வேறு அல்லவா?

அவர்களையும் சோதித்தாயிற்று. ஷான் கார்ல்சன் 1985இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சோதனையில் 28 ஜோதிடர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு ஜாதகமும் மூன்று ஆளுமைக் குறிப்புகளும் கொடுத்து, ஜாதகருக்கு உரிய குறிப்பைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பாதிக்குக் குறையாமல் சரியாகச் சொல்வோம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டுதான் வந்தார்கள். கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் அவ்வளவே கிடைத்திருக்கும்.

கேள்வி: எண் கணித ஜோதிடம்?

மேலே சொன்னதேதான்.

கேள்வி: அரசே நோட்டு அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தால் வறுமை ஒழிந்துவிடுமே?

நோட்டு பெருகும், அரிசியும் துணியும் பெருகாது. 1923 நவம்பரில் ஜெர்மனியில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். சேமித்து வைத்திருந்த முதியவர்களே முதலில் அழிந்தார்கள்.

கேள்வி: தங்கம் ஒருபோதும் இறங்காது என்பது அனுபவ உண்மைதானே?

1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் 850 டாலர். 1999இல் சுமார் 250. மறுபடி 850ஐத் தொட்டது 2008இல். 28 ஆண்டுகள்! அதற்குள் டாலரின் வாங்கும் சக்தியும் தேய்ந்துவிட்டது. 1980இல் வாங்கி வைத்தவர் தம் கதையை யாரிடமும் சொல்வதில்லை. மூழ்கியவர்களின் படம் எங்கே?

கேள்வி: ஆனால் நிலம் இறங்காது அல்லவா?

ஜப்பானில் 1991இல் உச்சம் தொட்ட நகர நில மதிப்பு அதற்குப்பின் பத்தாண்டுக்கும் மேலாக இறங்கியது. தங்கம், நிலம் பற்றி இன்னும் ஏழு கேள்விகள் இருக்கின்றன. பதில் இதுவே.

கேள்வி: இணையத்தில் லட்சக்கணக்கானோர் வாக்களித்த கருத்துக்கணிப்பு எப்படிப் பொய்யாகும்?

1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. சுமார் 24 லட்சம் பேர் திருப்பி அனுப்பினார்கள். லாண்டன் வெல்வார் என்று கணித்தார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். பெயர்கள் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகம், கார் பதிவேடு போன்றவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. சீட்டைத் திருப்பி அனுப்பாதவர்களின் மனமும் வேறாக இருந்தது. எத்தனை பேர் சொன்னார்கள் என்று பார்ப்பதற்கு முன், யார் சொல்லவில்லை என்று பாருங்கள்.

கேள்வி: வெளியிலிருந்து வருபவர்கள் நம் வேலைகளைப் பறிக்கிறார்கள் என்பதையும் மூடநம்பிக்கை என்பீர்களா?

மூடநம்பிக்கை என்று சொல்லமாட்டேன், அரைக்கணக்கு என்பேன். வந்தவர் ஒரு வேலையில் சேர்வது கண்ணுக்குத் தெரிகிறது. அவரே வாடகை கொடுக்கிறார், முடி வெட்டிக்கொள்கிறார், பிள்ளைக்குச் செருப்பு வாங்குகிறார். அதனால் உருவாகும் வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. 1980இல் கியூபாவின் மரியெல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் சில மாதங்களில் அமெரிக்கா சேர்ந்தார்கள். மயாமி நகரின் உழைப்பாளர் எண்ணிக்கை 7 சதவீதம் கூடியது. ஒப்பான வேறு நகரங்களோடு பொருளாதார அறிஞர் டேவிட் கார்டு ஒப்பிட்டு, குறைந்த திறன் வேலையாட்களின் கூலி அதனால் விழுந்ததாகத் தெரியவில்லை என்று 1990இல் எழுதினார்.

அதே நண்பர்: பொருளாதார அறிஞர் போர்ஹாஸ் அதை மறுத்துவிட்டாரே! வசதியாக மறைத்துவிட்டீர்கள்.

மறைக்கவில்லை ஐயா, நீங்கள் எடுத்துவந்தது நல்லதே. பள்ளிப்படிப்பை முடிக்காத, ஹிஸ்பானியர் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்) அல்லாத ஆண்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்த ஜார்ஜ் போர்ஹாஸ், அவர்கள் கூலி 10 முதல் 30 சதவீதம் வரை விழுந்தது என்று 2017இல் எழுதினார். வலியைச் சுமப்பவர் யார் என்ற கேள்வி நியாயமானது. சராசரி என்பது ஏழையை மறைத்துவிடும். ஆனால் அப்படிப் பிரித்தபின் மயாமியில் ஆண்டுக்கு மிஞ்சியது இருபது பேர் அளவுதான். இன்னொன்று, அதே சமயத்தில் முன்பு கணக்கெடுப்பில் விடுபட்டிருந்த கறுப்பின ஆண்கள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டார்கள். அவர்களின் கூலி முன்பிருந்தே குறைவு. மைக்கேல் கிளெமன்ஸும் ஜெனிஃபர் ஹன்ட்டும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். யாருடைய கூலியும் இறங்காமலேயே சராசரி இறங்க இது போதும்.

அதே நண்பர்: ஆக, என்ன சொன்னாலும் ஒரு காரணம் வைத்திருப்பீர்கள். நீங்களும் ஒரு மதவாதிதான்.

இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல நான் கடமைப்பட்டவன். பெரிய மாதிரி ஒன்று, முன்னும் பின்னும் ஒரே விதமாக எண்ணியது, அதில் மயாமியின் ஏழை உழைப்பாளர் கூலி மட்டும் ஒப்பு நகரங்களைவிட விழுந்திருந்தால் என் கருத்தை அன்றே மாற்றிக்கொள்வேன். மற்றக் கேள்விகளை நாளைக்குத் தள்ளிவைக்கிறேன். அதற்குள் நீங்கள் ஒன்று எழுதி அனுப்புங்கள்: எந்த எண்ணைக் கண்டால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?

அதே நண்பர்: யோசிக்க வேண்டும்.

யோசியுங்கள் ஐயா. காத்திருக்கிறேன்.