அந்தமான் நிக்கோபாரில் மூன்று மாத ராணுவ மருத்துவப் பணி: போவதற்கு முன் எப்படித் தயாராவது?

கேள்வி கேட்ட தம்பி ஊத்தங்கரைப் பக்கம். ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட். மூன்று மாத டெம்பரரி டியூட்டிக்கு ஆர்டர் வந்திருக்கிறது. கடலையே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், பெட்டியில் என்ன வைப்பது, சுனாமியை நினைத்து அழுகிற அம்மாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நான் காரிமங்கலம் பக்கம். அதே வேலையை இருபது வருடத்துக்கு மேல் பார்த்துவிட்டு இப்போது பென்ஷனில் ஊரோடு இருக்கிறேன். 2017-இல் எனக்கும் இதே மாதிரி ஒரு டி.டி. வந்தது. எந்தத் தீவு, எந்த யூனிட் என்று எழுத மாட்டேன், நீங்களும் எங்கேயும் எழுதாதீர்கள். கேட்ட இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது.

நம் ஊரில் யாருக்காவது ஒன்று என்றால் 108-ஐக் கூப்பிடுகிறோம். ஒரு மணி நேரத்தில் கிருஷ்ணகிரியோ தருமபுரியோ போய்விடலாம். அங்கே முடியாது என்றால் சேலம், பெங்களூரு. ரோடு இருக்கிறது, வண்டி இருக்கிறது என்பது நம் மனதில் ஊறிப்போன விஷயம். தீவில் அது கிடையாது. கடற்படையின் தன்வந்தரி மருத்துவமனை போர்ட் பிளேரில் இருக்கிறது (2024-இல் ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள், ஆட்கள் இன்னும் பழைய பெயரில்தான் சொல்கிறார்கள்). அங்கிருந்து கார் நிக்கோபார் தீவு சுமார் 270 கிலோமீட்டர், கேம்பல் பே 500-க்கும் மேலே. எல்லாம் கடல். மழை பிடித்துக்கொண்டால் ஹெலிகாப்டர் வராது, அலை எழும்பினால் கப்பல் வராது. ஆகவே நோயாளியை அனுப்புவது என்பது உங்கள் கையில் இல்லாத காரியம். அனுப்பும்வரை அவனை உயிரோடு வைத்திருப்பதுதான் உங்கள் வேலை. அது ஆறு மணி நேரமாகவும் இருக்கலாம், இரண்டு நாளாகவும் இருக்கலாம். உங்கள் தயாரிப்பு முழுவதும் இந்த இரண்டு நாளுக்குத்தான்.

எனக்கு இது புரிந்தது ஒரு சாவியால். போய்ச் சேர்ந்த அன்று எம்.ஐ. ரூம் (யூனிட்டின் சிகிச்சை அறை) சார்ஜ் எடுத்தேன். முன்னால் இருந்தவருக்கு மறுநாள் காலை கப்பல், அவசரம். லெட்ஜரைப் பார்த்தேன், பொருளை எண்ணினேன், கையெழுத்துப் போட்டேன். ஆக்ஸிஜன் சிலிண்டர் இரண்டு, நிரம்பியது, சரி. நான்காம் நாள் ராத்திரி ஒரு ஜவானுக்கு மூச்சு இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு தோளைத் தூக்கித் தூக்கி இழுக்கிறான், உதடு கறுக்கிறது. சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தால் வால்வைத் திறக்கிற சாவி இல்லை. மேசை டிராயர், அலமாரி, ஆணி மாட்டிய இடம், எங்கேயும் இல்லை. வண்டி நிறுத்துகிற கொட்டகைக்கு ஒரு பையனை ஓடவிட்டு ஸ்பேனர் கொண்டுவரச் செய்து திறந்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் நெபுலைசர் வைத்திருந்ததால் பிழைத்தான். அந்த ஐந்து நிமிடம் அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. தப்பு என்னுடையது. எண்ணினேனே தவிர திறந்து பார்க்கவில்லை.

அதனால் சார்ஜ் எடுக்கும்போது ஒவ்வொன்றையும் ஓட்டிப் பாருங்கள். சிலிண்டரைத் திறந்து மாஸ்க்கில் காற்று வருகிறதா என்று கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சக்‌ஷன் மெஷினில் ஒரு டம்ளர் தண்ணீரை உறிஞ்ச விடுங்கள். தொண்டைக்குள் பார்க்கிற லாரிங்கோஸ்கோப்பில் பல்பு எரிகிறதா பாருங்கள், பார்த்தபின் பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள், உள்ளேயே விட்டால் உப்புக்காற்றில் ஒழுகி அரித்துவிடும். கத்தரிக்கோல், ஃபோர்செப்ஸ் எல்லாம் வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் துரு. ஒன்று முக்கியம்: ஆக்ஸிஜன் வால்வு இறுகிப்போயிருக்கிறது என்று யாராவது எண்ணெய் விடச் சொன்னால் விடாதீர்கள். எண்ணெயும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் தீப்பற்றும். சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப் டப்பாவை ஒருநாள் திறந்தே வைத்தாலும் ஈரத்தில் கெட்டு, தப்பான அளவு காட்டும்.

சார்ஜ் எடுத்த வாரமே இன்னொன்று செய்யுங்கள். யூனிட்டில் எல்லோருடைய ரத்தப் பிரிவையும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டு சுவரில் மாட்டுங்கள். சின்னத் தீவில் ரத்த வங்கி கிடையாது. அங்கே நடமாடுகிற ஆட்கள்தான் வங்கி.

இனி நோய். கொசுவைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நிக்கோபாரில் மலேரியா இரண்டு வகையும் உண்டு, வைவாக்ஸ், ஃபால்சிபாரம். அங்கே அதைப் பரப்புகிற கொசு உப்பு கலந்த தண்ணீரிலும் முட்டை போடும், அதனால் கடலோரத்தில் குட்டை இருக்கிற இடமெல்லாம் சந்தேகம்தான். தடுப்புக்கு உங்கள் எம்.ஓ. (மெடிக்கல் ஆபீசர், யூனிட் டாக்டர்) டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தினமும் எழுதிக் கொடுக்கலாம். புறப்படுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொடங்க வேண்டும். சாப்பிட்டபின் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். ராத்திரி படுக்கப்போகும்போது ஒரு வாய் தண்ணீரில் போட்டுக்கொண்டு படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், மறுநாள் எச்சில் விழுங்கினாலே உயிர் போகிற மாதிரி வலிக்கும். பாலோடு வேண்டாம். வெயிலில் தோல் சட்டென்று கன்றிப்போகும், முழுக்கைச் சட்டை போடுங்கள். போவதற்கு முன்பே ஜி-6-பி-டி (ரத்த அணுவில் இருக்கிற ஒரு என்சைம்) ரத்தப் பரிசோதனை செய்து முடிவைக் கையில் வைத்திருங்கள். வைவாக்ஸ் வந்தால் பிரைமாகுவின் கொடுப்பதற்கு முன் அது தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குறை இருக்கிறவனுக்கு அந்த மாத்திரை ரத்த அணுக்களையே உடைத்துவிடும்.

ஆனால் நான் அதிகம் பயந்தது எலிக்காய்ச்சலுக்குத்தான், எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து தொற்றுவது. 1980-களின் கடைசியில் அந்தமானில் காய்ச்சலோடு இருமலில் ரத்தம் வந்து ஆட்கள் இறந்தார்கள். காரணம் தெரியாமல் அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று பெயர் வைத்தார்கள். பிறகுதான் அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. என்னிடம் ஒரு பையன் சிக் ரிப்போர்ட்டில் (உடம்பு சரியில்லாதவர்கள் வந்து காட்டுகிற வரிசை) வந்தான். இரண்டு நாள் காய்ச்சல், உடம்பு வலி. மலேரியா கார்டு டெஸ்ட் நெகட்டிவ். பாராசிட்டமால் கொடுத்து அனுப்பியிருப்பேன், அவன் எழுந்து நடந்த நடை சரியில்லை. உட்காரவைத்துக் கெண்டைக்காலை லேசாக அழுத்தினேன், துள்ளிவிட்டான். கண்ணைப் பார்த்தேன், வெள்ளை முழுக்கச் சிவப்பு, பீளை மட்டும் இல்லை. பத்து நாளைக்கு முன் என்ன வேலை செய்தாய் என்று கேட்டேன். மழையில் அடைத்துக்கொண்ட சாக்கடையை வெறுங்காலோடு இறங்கிச் சுத்தம் செய்தானாம்.

எங்கள் எம்.ஓ. அன்றைக்குப் பக்கத்துத் தீவில் இருந்தார். போனில் அவர் சொல்லச் சொல்ல பெனிசிலின் தொடங்கினேன். ஹெலிகாப்டர் கேட்டோம், மழை. மறுநாளும் மழை. சிறுநீரகம் கைவிடுகிறதா என்று பார்க்க ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பிளாஸ்டர் ஒட்டி, ஐம்பது ஐம்பது மில்லியாகப் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு மணிக்கும் அவன் சிறுநீரை அளந்து எழுதினேன். இரண்டாம் ராத்திரி மூன்று மணி நேரம் கோட்டைத் தொடவே இல்லை. பிறகு மெதுவாக வந்தது. மூன்றாம் நாள் காலையில் வானம் விட்டது, அனுப்பினோம். ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்பினான். இதற்குப் பெரிய மருந்தோ மெஷினோ எதுவும் என்னிடம் இல்லை. ஆகவே தம்பி, அங்கே காய்ச்சல் என்று யார் வந்தாலும் கெண்டைக்காலை அழுத்துங்கள், கண்ணைப் பாருங்கள், எந்தத் தண்ணீரில் இறங்கினான் என்று கேளுங்கள். டெங்குவும் உண்டு. அது இல்லை என்று தெரியும்வரை வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசி போடாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும்.

பாம்பு நமக்குப் பழக்கம், ஆனால் அங்கே பழைய கணக்கு செல்லாது. நம் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகச் செய்தது. அந்தத் தீவுகளில் இருக்கிற குழிவிரியன்களுக்கு அது செய்யப்படவில்லை. கடித்ததை அடையாளம் தெரியாமல் மருந்தை ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, எம்.ஓ.வைக் கேட்டே செய்யுங்கள். முள்மீன் குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காலை வைக்கச் சொல்லுங்கள், உங்கள் கையை முதலில் விட்டுப் பாருங்கள், வலியில் அவனுக்குச் சூடு தெரியாது. பவளப்பாறை கீறினால் சின்னக் காயம் என்று விடாமல் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஓடைகளில் முதலை இருக்கிறது. போர்டு வைத்த இடத்தில் இறங்காதீர்கள்.

தினமும் வரிசையில் நிற்கப்போவது இவர்கள் யாரும் இல்லை. தொடை இடுக்கில் படர்தாமரை, கால்விரல் இடுக்கில் புண், வேர்க்குரு, இதுதான் பாதி சிக் ரிப்போர்ட். நம் ஊரில் வருடத்துக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் மில்லிமீட்டர் மழை. அங்கே சுமார் மூவாயிரம். நம் வெயிலில் வேர்வை காய்ந்துவிடும், அங்கே காயாது. முதல் பத்து நாள் உடம்பு பழகும்வரை ஓட்டம், பி.டி. எல்லாம் மெதுவாக.

பெட்டிக்கு வருகிறேன். பருத்தி உள்ளாடை எட்டு, சாக்ஸ் எட்டு, கால் பவுடர், தலையில் மாட்டுகிற டார்ச் (குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும்), சொந்த ஸ்டெதஸ்கோப், விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டர், ஆர்டரும் அடையாள அட்டையும் நகல் எடுத்து ஈரம் புகாத கவரில். போவதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். சொத்தைப்பல் வலியோடு கப்பலுக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு என் அம்மா ராகி மாவு கட்டிக் கொடுத்தார்கள், பத்தாம் நாள் கட்டி கட்டியாகி நாறிவிட்டது. புளி நின்றது. நம் ஊர்ப் புளியும் வரமிளகாயும் எடுத்துப் போங்கள். கப்பல் தாமதமாகிக் காய்கறி இல்லாத வாரத்தில் மீனும் புளிக்குழம்பும் லங்கரில் (யூனிட் சாப்பாட்டுக்கூடம்) எல்லோரையும் உட்காரவைக்கும்.

அம்மாவுக்கு என்ன சொல்வது? பொய் சொல்ல வேண்டாம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் வீரர்களும் குடும்பங்களும் இறந்தது உண்மை. தென்கோடியில் இருக்கிற இந்திரா முனையில் நிலமே பல அடி கீழே இறங்கி, கலங்கரை விளக்கைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டது. இப்போது ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-இலிருந்து வேலை செய்கிறது. அதைச் சொல்லுங்கள். கூடவே, தரை நீளமாக ஆடினால் சைரனுக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓடிவிடுவேன் என்றும் சொல்லுங்கள், போனதும் அந்த மேடு எது என்று நடந்து பார்த்து வையுங்கள். எங்கள் காலத்தில் போன் கிடைப்பதே பாடு. 2020-இல் சென்னையிலிருந்து கடலடி கேபிள் போட்டுவிட்டார்கள், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை போகிறது. ஆனாலும் தினமும் போன் பண்ணுகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். நான்கு நாள் லைன் இல்லாதபோது அம்மா சாப்பிடாமல் கிடந்தார்கள். மழை பெய்தால் ஒரு வாரம் பேச மாட்டேன், அதற்கு அர்த்தம் மழை பெய்கிறது என்பதுதான் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

கடைசியாக, திரும்பி வந்தபின். டாக்ஸிசைக்ளினை ஊருக்கு வந்துவிட்டோம் என்று நிறுத்தாதீர்கள், தீவை விட்டபின் நான்கு வாரம் சாப்பிட வேண்டும். வைவாக்ஸ் கல்லீரலில் ஒளிந்திருந்து மாதக் கணக்கில் கழித்தும் எழும்பும். ஊத்தங்கரையில் காய்ச்சல் வந்து எந்த டாக்டரிடம் போனாலும், உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக அந்தமானிலிருந்து வந்தேன் என்று சொல்லுங்கள். எந்த மாதம் போகிறீர்கள் என்று எழுதவில்லை. மே மாதத்துக்குப் பிறகு என்றால் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே உங்கள் சைஸ் இருக்காது.