மூட்டையா வாங்கினா நிஜமாவே மிச்சமா? பாலக்கோடு சகோதரிக்கு பதில்

பாலக்கோட்டுல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வீட்ல நாலு பேரு, வீட்டுக்காரர் ஓசூர் கம்பெனில வேலை, மளிகைக்கே மாசம் 7000 ரூபா போயிடுதாம். தெருவுல தெரிஞ்ச ஒருத்தரு "மாசம் 1000 கட்டுங்க, 10 மாசம் கழிச்சு பொங்கலுக்கு அரிசி, எண்ணெய் டின்னு, பருப்பு, வெல்லம் எல்லாம் மொத்த விலைக்கு வீட்டுக்கே வந்துடும்"னு சொல்றாராம். சேரலாமா, மொத்தமா வாங்கினா மிச்சமாகுமான்னு கேக்கறாங்க.

சேராதீங்கம்மா. காரணத்த கீழ சொல்றேன், முதல்ல மிச்சம் ஆகுமாங்கறத பாத்துடலாம்.

பெருசா வாங்கினாலே விலை கம்மின்னு நாமளா நினைச்சுக்கறோம், அங்கதான் பணம் போவுது. ஷாம்பு எடுத்துக்கோங்க, 2 ரூபா பாக்கெட்ல 6 மில்லி இருந்தா 100 மில்லிக்கு 33 ரூபா ஆகுது, அதே ஷாம்பு 180 மில்லி பாட்டில் 150 ரூபான்னா 100 மில்லிக்கு 83 ரூபா, பாட்டில் வாங்கினவங்களுக்குத்தான் நஷ்டம். எம்ஆர்பி கூடவே ஒரு கிராம், ஒரு மில்லி என்ன விலைன்னு போடணும்னு இப்ப விதியே இருக்கு, ஆனா அத எவ்ளோ பொடி எழுத்துல போடறாங்கன்னா எங்கம்மா மாதிரி வயசானவங்க கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது, இதுக்கு எதுக்கு ஒரு விதின்னு எனக்கு வயிறு எரியும்.

எண்ணெய் டின்னுல இன்னொன்னு இருக்கு. 15 கிலோ டின்னும் 15 லிட்டர் டின்னும் பாக்க ஒன்னு மாதிரியே தெரியும், ஆனா ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான், அப்ப 15 லிட்டர் டின்னுல பதிமூணரை கிலோ சொச்சம்தான் இருக்கும். "15 டின்னு"ன்னு மொட்டையா சொன்னா கிலோவா லிட்டரான்னு அங்கயே கேளுங்க.

அரிசி விஷயம் மட்டும் கொஞ்சம் விவரமா சொல்லணும். கடைல 26 கிலோ மூட்டைய பாத்திருப்பீங்க, அது ஏன் 25 இல்லாம 26ன்னா, 2022 ஜூலை 18ல இருந்து 25 கிலோ வரைக்கும் பேக் பண்ணி லேபிள் ஒட்டின அரிசி, பருப்புக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, 25க்கு மேல போனா கிடையாது. வரி சேக்காம மூட்டை 1400 ரூபான்னா அந்த ஒரு கிலோவால 70 ரூபா வரி தப்புது, அதனாலதான் மில்லுக்காரங்க 26க்கு மாறினாங்க. சாக்குல இருந்து சில்லறையா அளந்து குடுத்தாலும் இந்த வரி இல்ல. அதனால 10 கிலோ பை, 25 கிலோ பை வாங்கறதுக்கு ஒன்னு 26 வாங்குங்க, இல்லன்னா சில்லறையா வாங்குங்க. 25க்கு மேல ஒரு கிலோ அதிகமா வாங்கினா வரி இல்ல, கம்மியா வாங்கற ஏழைக்கு வரி, இத யாரு யோசிச்சாங்களோ தெரியல.

ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா, அத கழிச்சிட்டு மீதிக்குத்தான் கணக்கு போடணும். ரவை, மைதா, கடலைமாவு மழைக்காலத்துல மொத்தமா வேணாம், வண்டு வந்துடும். புளி நம்ம ஊரு சரக்கு, மாசி பங்குனில உலுக்கற நேரத்துல வருஷத்துக்கும் சேத்து வாங்கிடலாம், ஆனா கொட்டை எடுக்காததுன்னா எடைல மூணுல ஒரு பங்குக்கு மேல கொட்டைதான்னு ஞாபகம் வெச்சுக்கிட்டு விலை பேசுங்க.

இப்ப அந்த ஆளு விஷயம். எங்க சித்தி இதே மாதிரி ஒன்னுல ரெண்டு வருஷம் கட்டினாங்க. மஞ்ச அட்டை, மாசா மாசம் ஒரு ரப்பர் ஸ்டாம்பு, கீழ ஒரு கிறுக்கல் கையெழுத்து, அவ்ளோதான், பேரு இல்ல, பதிவு எண் இல்ல. முதல் வருஷம் சரக்கு வந்துச்சு, மூட்டைய எடை போட்டா ஒன்றரை கிலோ கொறச்சல், பருப்பு பழைய சரக்கு, சரி போகட்டும்னு விட்டாங்க. ரெண்டாவது வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம் போன் ஸ்விட்ச் ஆஃப், வீட்டுக்கு போனா பூட்டு. அந்த ஆளு குடுக்கற அட்டைய பாருங்கம்மா, என்ன பிராண்டு, எத்தனை கிலோ, என்ன விலைன்னு ஏதாவது எழுதியிருக்கா? இல்லன்னா 10,000 ரூபாய அவருக்கு வட்டியில்லாம கடனா குடுக்கறீங்க, அவரு எத குடுத்தாலும் வாங்கிக்கணும். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு இல்லாம சீட்டே நடத்தக்கூடாது, ஆனாலும் ஊர் ஊருக்கு நடக்குது. புகார் குடுக்கப் போனா அலைச்சல்தான், எடை கொறஞ்சா தொழிலாளர் துறை, பொருள் கெட்டிருந்தா உணவுப் பாதுகாப்பு, பணம் போனா போலீஸ், ஒரு பொம்பள லீவு போட்டு எத்தனை ஆபீஸ் ஏறுவா? நுகர்வோர் உதவி எண் 1915க்காவது வீட்ல இருந்தே போன் பண்ணலாம்.

மொத்தமா வாங்கித்தான் ஆகணும்னா அக்கம்பக்கம் பத்து வீடு சேந்து சேலம் லீ பஜாருக்கோ தருமபுரி மொத்தக் கடைக்கோ நீங்களே போங்க. வண்டி வாடகை 2000 ஆனா வீட்டுக்கு 200, அதையும் விலைல சேத்துட்டு நம்ம ஊரு கடை விலையோட பாருங்க, 200 கூட மிஞ்சலன்னா போகவே வேணாம். போனா தராசுல கண்ணு முன்னாடி எடை போட்டு, சாக்கு எடைய கழிச்சு, பில்லு வாங்கிட்டு பணம் குடுங்க.

ஏற்கனவே ஒன்னு ரெண்டு தவணை கட்டியிருந்தீங்கன்னா அட்டைய ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, ஜிபேல அனுப்பியிருந்தா ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்க, இந்த வாரமே போய் பணத்த திருப்பிக் கேளுங்க, பொங்கல் வரைக்கும் பாக்கலாம்னு இருந்துடாதீங்க.