கால் ஆணியா, மருவா? தோல் மருத்துவர் பதில்கள்

பாதத்தில் வரும் மரு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தோல் மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

குதிகாலில் கால் ஆணி. மருந்துக் கடையில் கார்ன் கேப் (தோலைக் கரைக்கும் அமிலம் வைத்த பிளாஸ்திரி) வாங்கி மூன்று முறை ஒட்டிவிட்டேன். தோல் வெள்ளையாக உரிகிறது, உள்ளே கருப்புப் புள்ளிகள் தெரிகின்றன. வேர் இன்னும் போகவில்லையா? (ஈரோடு வாசகர்)

அந்தப் புள்ளிகளே காட்டிக்கொடுத்துவிட்டன. உங்களுக்கு இருப்பது அநேகமாக ஆணி அல்ல, மரு. செருப்போ எலும்போ ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தித் தோல் தடித்தால் அது ஆணி. அதில் கிருமி கிடையாது. மருவுக்குக் காரணம் பாப்பிலோமா வைரஸ். புள்ளிகளை வேர் என்று நினைத்துத் தோண்டாதீர்கள். மருவுக்குள் வளர்ந்த நுண்ணிய ரத்தக் குழாய்களில் உறைந்த ரத்தம் அது. மருவுக்கு வேரே இல்லை. தோலின் மேலடுக்கோடு அது நின்றுவிடுகிறது.

நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்கையைப் போலவே உள்ளங்காலிலும் ரேகைகள் ஓடுகின்றன. ஆணியின் மேல் அவை தொடர்ந்து போகும். மருவின் விளிம்பில் வந்ததும் விலகிச் சுற்றிப் போய்விடும். நேராக அழுத்தினால் அதிகம் வலிப்பது ஆணி, இருபுறமும் கிள்ளிப் பிடித்தால் அதிகம் வலிப்பது மரு. பெரும்பாலும் இந்த இரண்டு சோதனைகளே போதும்.

அப்படியானால் வீட்டிலேயே மருந்து போடலாமா? எத்தனை நாள்? (மதுரை வாசகி)

போடலாம், ஆனால் கணக்கு நாளில் அல்ல, மாதத்தில். மருந்துக் கடைகளில் சாலிசிலிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் கலந்த, தூரிகையுடன் வரும் சிறு குப்பி கிடைக்கும். இரவில் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் காலை ஊற வையுங்கள். வெள்ளையாக ஊறிய தோலை அரத்தாளால் மெல்லத் தேயுங்கள். ரத்தம் வரும் அளவுக்குத் தேய்க்கக் கூடாது. சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலைன் தடவிவிட்டு, மருவின் மேல் மட்டும் மருந்தை வையுங்கள். காய்ந்ததும் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுத் தூங்கப் போங்கள். அந்த அரத்தாளை வேறு யாரும், உங்கள் மற்றொரு காலும்கூட, தொடக் கூடாது. எரிச்சல் கூடினால் இரண்டு நாள் விட்டுத் தொடருங்கள். பன்னிரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள். இரண்டாவது வாரமே பொறுமை இழந்து நிறுத்துகிறவர்கள்தான் மருந்து வேலை செய்யவில்லை என்று என்னிடம் வருகிறார்கள்.

திரவ நைட்ரஜனால் உறைய வைத்தால் சீக்கிரம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் 240 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். பன்னிரண்டு வாரத்தில் முழுவதும் குணமானவர்கள் இரு பக்கமும் 14 சதவீதம்தான். பாத மரு அவ்வளவு பிடிவாதமானது.

மகளுக்கு ஒன்பது வயது. பரதநாட்டிய வகுப்புக்குப் போகிறாள். முன்பாதத்தில் மரு. வகுப்பை நிறுத்திவிடவா? (சென்னை வாசகி)

எதற்கு நிறுத்த வேண்டும்? வெறுங்காலுடன் பலர் மிதிக்கும் தரை, ஈரமான குளியலறை, நீச்சல் குளத்து ஓரம் ஆகியவற்றில்தான் வைரஸ் ஒட்டிக்கொள்கிறது. ஊறிய தோலிலும் சிறு கீறலிலும் எளிதாக நுழைகிறது. நுழைந்து மரு வெளியே தெரியச் சில மாதங்கள் ஆகும் என்பதால், எங்கே தொற்றியது என்று தேடுவது வீண். மருவின் மேல் பிளாஸ்திரி ஒட்டி அனுப்புங்கள். வீட்டில் தனித் துண்டு, தனிச் செருப்பு. வலி இல்லையென்றால் சும்மா விடுவதும் நல்ல வைத்தியமே. குழந்தைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு மருக்கள் இரண்டு ஆண்டுக்குள் தாமாகவே மறைந்துவிடும்.

எருக்கம்பால் வைக்கச் சொல்கிறார் மாமியார். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் வேண்டிக்கொண்டால் போதும் என்கிறார் அம்மா. (கும்பகோணம் வாசகி)

அம்மா சொல்வதைக் கேளுங்கள். வேண்டுதலால் தோல் வெந்துபோகாது. மருவும் தானாக உதிரக்கூடியது. எருக்கம்பாலும் சுண்ணாம்பும் எங்கே நிற்பது என்று தெரியாமல் நல்ல தோலையும் அரித்துவிடும். கை தவறிக் கண்ணில் பட்டால் எருக்கம்பால் பார்வைக்கே ஆபத்து. பிளேடு இன்னும் மோசம். கீறிய இடத்திலெல்லாம் வைரஸை நாமே விதைக்கிறோம்.

இரண்டு காலிலும் சேர்த்து எட்டு மரு. இரண்டு முறை சுட்டு எடுத்தும் திரும்ப வந்துவிட்டது. இப்போது குழந்தைகளுக்குத் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா வராமல் இருக்கப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசியை மருவில் போடலாம் என்கிறார் மருத்துவர். ஏமாற்று வேலையா? (கோவை வாசகர்)

இல்லை. உடலின் எதிர்ப்பு சக்திக்கு மரு எளிதில் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. தடுப்பூசி அங்கே ஒரு கலவரத்தை உண்டாக்கும். வந்த எதிர்ப்பு அணுக்கள் வைரஸையும் கண்டுகொள்ளும். பெரிய மரு ஒன்றில் மட்டும் போட்டாலும் மற்ற மருக்களும் சேர்ந்து உதிர்வது உண்டு. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று வீதம் சில ஊசிகள் தேவைப்படும். எல்லோருக்கும் பலிக்காது, கர்ப்பிணிகளுக்குப் போடக் கூடாது. திரும்பத் திரும்ப ஆழமாகச் சுடுவதற்கு இது எவ்வளவோ மேல். உள்ளங்காலில் தழும்பு விழுந்துவிட்டால் மரு போன பிறகும் ஒவ்வொரு அடியிலும் வலிக்கும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தரும் வைரஸும் இதுவும் ஒன்றா? (திருச்சி வாசகி)

ஒரே குடும்பம், வேறு வேறு வகை. பாதத்து மருவைப் பெரும்பாலும் உண்டாக்கும் 1, 2, 4, 27, 57 ஆகிய வகைகள் அந்தப் புற்றுநோயைத் தருவதில்லை.

அப்பாவுக்கு நீண்ட நாள் சர்க்கரை நோய். பாதத்தில் மரு மாதிரி தடித்திருக்கிறது, வலியே இல்லை என்கிறார். கார்ன் கேப் ஒட்டலாமா? (நெல்லை வாசகர்)

ஒட்டவே ஒட்டாதீர்கள். வலி இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. நரம்பு மரத்த காலில் அமிலம் எவ்வளவு ஆழம் போகிறது என்று அவருக்குத் தெரியாது. தடித்த தோலுக்கு அடியில் ஏற்கெனவே புண் இருக்கவும் வாய்ப்பு உண்டு. இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். வயதானவர்களுக்குப் பல ஆண்டாக ஒரே மரு பெரிதாகிக்கொண்டே போனாலோ, புள்ளியாக இல்லாமல் கரும்படையாகப் பரவினாலோ, புற்றுநோயா என்று சதையில் சிறு துண்டு எடுத்துச் சோதித்துப் பார்ப்பது அவசியம். போகும்போது அவர் தினமும் போடும் செருப்பையும் எடுத்துப் போங்கள். அது எங்கே அழுத்துகிறது என்று மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.