வாங்கிய ஆமைக்கு வெயில் எவ்வளவு, புல் எவ்வளவு?

கேள்வி: பேரனின் பிறந்தநாளுக்காக மதுரையில் ஒரு கடையில் உள்ளங்கை அளவு ஆமைக்குட்டி ஒன்று வாங்கினோம். பெயர் சல்கேட்டா, வெளிநாட்டு ஆமை, வளர்க்கத் தடையில்லை என்றார்கள். கூடவே கண்ணாடித் தொட்டி, சிவப்பு பல்பு, மின்சாரத்தில் சூடாகும் கல், ஒரு டப்பா உருண்டைத் தீனி என்று வாங்கவைத்ததில் ஆமையின் விலையை விட அதிகம் செலவாகிவிட்டது. பில் கேட்டதற்குத் துண்டுத் தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். வந்ததிலிருந்து அது ஒரு மூலையில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது. தக்காளியும் வெள்ளரிக்காயும் மட்டும் கொஞ்சம் கடிக்கிறது. மார்கழிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று கவலையாக இருக்கிறது. இன்னும் பெரிய பல்பு வாங்கிப் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? எவ்வளவு சூடு வேண்டும், என்ன தீனி கொடுக்க வேண்டும்?
— ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: வாங்க வேண்டாம், ஆச்சி. அந்தக் கடையில் இனி எதையுமே வாங்க வேண்டாம். உங்களுக்கு இப்போது முதலில் தேவைப்படுபவை ஒரு வெப்பமானி, ஒரு மரப்பெட்டி, கொஞ்சம் புல். மூன்றுமே காரைக்குடியைத் தாண்டாமல் கிடைக்கும்.

சூட்டையும் தீனியையும் இரண்டு கேள்விகளாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆமையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். அதற்கு உடம்பில் சொந்தமாகச் சூடு உண்டாவதில்லை; வெளியிலிருந்து வாங்கிக்கொண்ட சூட்டில்தான் தின்றது செரிக்கும். சூடு போதாவிட்டால் பசி எடுக்காது. எடுத்துத் தின்றாலும் வயிற்றில் அப்படியே கிடந்து கெடும். ஆகவே முதல் வேலையாக அதன் உடம்பைத் தேற்றுங்கள். அகலமான தட்டில் வெதுவெதுப்பான தண்ணீரை, குட்டியின் தாடைக்குக் கீழே நிற்கும் அளவுக்கு ஊற்றி, கால் மணி நேரம் அதில் விடுங்கள். தலையை நீட்டிக் குடிக்கும். பெரும்பாலும் அதிலேயே மலம் கழிக்கும். குட்டியாக இருக்கும்வரை தினமும் இதைச் செய்யலாம். புது இடத்துக்கு வந்த ஆமை சில நாள் முரண்டு பிடித்துத் தின்னாமல் இருப்பது வழக்கம்தான். ஆனால் மூக்கில் நுரை தட்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, இமை வீங்கியிருந்தாலோ காத்திருக்காதீர்கள். கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே ஆமை பார்த்துப் பழகியவர் இல்லையென்றால் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இனி அளவு. பெட்டிக்குள் எல்லா இடமும் ஒரே சூட்டில் இருக்கக் கூடாது. ஒரு முனையில் வெயில் காயும் இடம் 35 முதல் 38 டிகிரி, மறுமுனை 27 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். வேண்டியபோது இங்கும் அங்கும் நகர்ந்து தன் சூட்டை அதுவே சரிசெய்துகொள்ளும். இரவில் குட்டிக்கு 25 டிகிரிக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. உங்கள் பகுதியில் மார்கழி, தை இரவுகளில் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். ஆக, கடைக்காரர் சொன்னதில் ஒரு பாதி சரி: ஆண்டில் ஓரிரு மாதம், இரவில் மட்டும் சூடு தேவை. அதற்கும் சிவப்பு பல்பு உதவாது. சிவப்பு வெளிச்சம் ஆமைக்குத் தெரியும், தூக்கம் கெடும். வெளிச்சமே இல்லாமல் சூடு மட்டும் தரும் பீங்கான் பல்பு ஒன்றை, சூடு கூடாமல் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் பெட்டியின் ஒரு முனையில் தொங்கவிட்டால் போதும். சூடாகும் கல்லை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஆமை சூட்டை மேலிருந்துதான் உணர்ந்து பழகியது. அடியில் கல் சுடுவது தெரியாமல் அதன் மேலேயே படுத்து வயிற்று ஓடு வெந்துபோன ஆமைகள் உண்டு.

பகலுக்கு உங்கள் வீட்டில் இல்லாத வெயிலா? வளவில் காலை வெயில் இறங்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் வெளியே விடுங்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்தான் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாக உதவுகிறது; அது இல்லாமல் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து தின்றாலும் ஓட்டில் சேராது. கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் கிடையாது. ஜன்னல் ஓரத்தில் கண்ணாடித் தொட்டியை வைத்தால் கதிர் வராது, சூடு மட்டும் ஏறும். மூடிய தொட்டி வெயிலில் சில நிமிடங்களிலேயே ஆமையைக் கொன்றுவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் விலை கொடுத்து விளக்கு மாட்டுவது வெயில் இல்லாததால். அந்த விளக்கைக் காரைக்குடி வட்டாரத்தில் விற்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். வெளியே விடும்போது மேலே கம்பிவலை இருக்கட்டும். முற்றத்துக்குள் காகமும் கீரியும் இறங்கும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஓடவிடாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வழுக்கும். குட்டியின் கால்கள் அகன்றுவிடும். மார்கழியில் அந்தத் தரையின் குளிர்ச்சி வயிற்று ஓட்டின் வழியே ஏறும். நர்சரிகளில் தேங்காய் நார்த்தூள் கட்டியாக விற்கிறார்கள். அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து பெட்டியில் நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். காயக் காயத் தண்ணீர் தெளியுங்கள். சகாராவின் தெற்கு ஓரத்தைச் சேர்ந்த பிராணிக்கு ஈரம் எதற்கு என்று தோன்றும். அங்கேயும் அது வெயில் நேரத்தில் மண்ணைத் தோண்டி உள்ளே ஈரத்தில்தான் கிடக்கிறது. காய்ந்த காற்றில் வளரும் குட்டிகளின் ஓடு கோபுரம் கோபுரமாகப் புடைத்துவிடும். புரதம் கூடிப்போவதுதான் காரணம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். சல்கேட்டாக் குட்டிகளை வைத்தே செய்து 2003-ல் வெளியான ஆய்வு, ஈரப்பதக் குறைவே பெரிய காரணம் என்று காட்டியது. ஒருமுறை புடைத்த ஓடு பின்னால் சமமாகாது. இரவும் பகலும் எரியும் அந்த பல்பு பெட்டியைக் காயவைத்து இதைத்தான் செய்யும்.

சித்திரை பிறந்ததும் கவலை தலைகீழாக மாறும். 40 டிகிரி வெயிலில் நிழலும் தண்ணீரும் இல்லாமல் மாட்டிக்கொண்டால் பாலைவன ஆமையும் செத்துப்போகும். பத்து மணிக்கு மேல் வெட்டவெளியில் விடாதீர்கள்.

தீனியில் பெரும்பங்கு புல்லாக இருக்கட்டும், பத்தில் எட்டுப் பங்குக்கு மேல். குட்டிக்கு அருகம்புல்லைப் பொடியாக நறுக்கிக் கொடுங்கள். வளர்ந்த பிறகு மாட்டுக்குப் போடும் கோ-4 புல்லையே போடலாம். வரப்பில் அறுப்பதானால் களைக்கொல்லி அடித்த இடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிச்சப் பங்குக்குச் செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, கொஞ்சம் முருங்கைக்கீரை. சப்பாத்திக்கள்ளி மடல் இதற்கு அருமையான தீனி, சுண்ணாம்புச் சத்தும் உண்டு. தணலில் வாட்டி, கண்ணுக்குத் தெரியாத பூமுள் வரை போக்கிவிட்டுக் கொடுங்கள். பாலக் போன்ற கீரைகளில், சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாத ஆக்சலேட் அதிகம், அவை எப்போதாவது போதும். தக்காளி, வாழைப்பழம், மாம்பழம் வேண்டாம். நார்ச்சத்தைப் புளிக்கவைத்துச் செரிக்கும் குடலுக்குச் சர்க்கரை ஆகாது. வெள்ளரிக்காய் கெடுதல் இல்லை, வெறும் தண்ணீர். ஆனால் தக்காளியையும் வெள்ளரிக்காயையும் ருசி பார்த்த குட்டி புல்லைத் தொடாது. பேரன் பிஸ்கட் ஊட்டுவதையும் நிறுத்துங்கள். ஊட்டுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை, நானாகச் சொல்கிறேன். தோட்டத்தில் அரளி, எருக்கு இருந்தால் ஆமை எட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் விஷம். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை கேட்டால் கணவாய் ஓட்டைத் தருவார்கள். ஒரு துண்டைப் பெட்டியில் போட்டுவைத்தால் தேவைப்படும்போது கொரித்துக்கொள்ளும்.

அந்த உருண்டைத் தீனி டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முதல் பொருளாக மீன்தூள் இருந்தால் அது நீராமைக்கான தீனி. புல் தின்னும் ஆமைக்கு ஆகாது. தயாரித்தவர் பெயர், விலை, தயாரித்த மாதம், ஆண்டு, இறக்குமதியானால் இறக்குமதி செய்தவரின் முகவரி எல்லாம் டப்பாவில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அதுவே தனிப் புகார்.

இப்போது கடை விவகாரம். தடையில்லை என்றது முழு உண்மை இல்லை. சல்கேட்டா, அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம். 2022-ல் திருத்தப்பட்ட வனஉயிரினச் சட்டமும் 2024-ல் வந்த விதிகளும், இப்படிப்பட்ட பிராணி கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. பதிவுக்கு, கடைக்காரர் அதை முறையாக வைத்திருந்து உங்களுக்கு மாற்றிக் கொடுத்ததற்கான காகிதம் வேண்டும். துண்டுத் தாள் செல்லாது. உடனே போய், ஆமையின் இனப் பெயருடன் முறையான பில்லும் அவருடைய பதிவுச் சான்றின் நகலும் எழுத்தில் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகமுறை. மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை மதுரையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் சிவகங்கை மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. தொட்டி, கல், தவறான தீனி மூன்றுக்கும் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கடைக்காரர் சொல்லாமல் விட்ட இன்னொன்று: இந்தக் குட்டி 40, 50 கிலோ எடைக்கு வளரும், 70 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. பல அடி ஆழத்துக்கு வளை தோண்டும், அஸ்திவாரம் என்றும் பார்க்காது. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் ஊரில், பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஆமையையும் எழுத வேண்டிவரும். இப்போதே யோசித்து வையுங்கள்.

கேள்வி: கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட பச்சை ஆமை ஒன்றைத் தொட்டியில் வளர்க்கிறோம். சோறு போடுகிறோம். தொட்டி கொள்ளாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. எங்கள் ஊருணியில் விட்டுவிடலாமா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: விடக் கூடாது. இது சிவப்புக்காது ஆமை, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து நீராமை. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் இதன் இறக்குமதியை 1997-லேயே நிறுத்திவிட்டது. நம் ஊருணியில் இறங்கினால் மீன்குஞ்சு, தவளை, நீர்ச்செடி எதையும் மிச்சம் வைக்காது. நம்மூர்ப் பால் ஆமை வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

சோறு இதன் தீனியே அல்ல. நீராமைக்கான உருண்டைத் தீனி, சிறு மீன், வளர வளரக் கீரையும் நீர்ச்செடியும் அதிகம். தண்ணீர் 24 முதல் 28 டிகிரி. நம் ஊரில் அது தானாகவே இருக்கும். முழு உடம்பும் உலரும்படி ஏறிப் படுக்க ஒரு கல் கட்டாயம் வேண்டும். பின்கட்டில் பழைய சிமெண்டுத் தொட்டி இருந்தால் அதுவே போதும், பாதிக்கு நிழல் போட்டுவிடுங்கள். தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். ஆமையிடமிருந்து தொற்றி வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மொனெல்லாக் கிருமியால்தான் அமெரிக்காவிலேயே 1975-ல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தார்கள்.

கேள்வி: வீட்டில் வைத்தால் செல்வம் சேரும் என்று, முதுகில் நட்சத்திரம் போட்ட ஆமை ஒன்றைத் தெரிந்தவர் மூலம் வாங்கினோம். என்ன தீனி போடுவது? இரண்டு நாளாகச் சோர்ந்திருக்கிறது. செத்துப்போனால் விற்றவரிடம் பணம் கேட்க முடியுமா?
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அது நட்சத்திர ஆமை. வனஉயிரினச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளது. வைத்திருப்பதே குற்றம், 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். சட்டவிரோதப் பேரத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் பரிகாரம் கிடையாது, பணத்தை மறந்துவிடுங்கள். காட்டுப் பக்கம் கொண்டுபோய் நீங்களாக விட்டுவிடவும் கூடாது. எந்த ஊரில் பிடித்தது, என்ன நோய் இருக்கிறது என்று தெரியாமல் விட்டால் அங்கே இருக்கும் ஆமைகளுக்கும் கேடு. முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, தாமதிக்காமல் வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள். அதுவரை நிழலான இடத்தில் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டி, ஆழமில்லாத தட்டில் தண்ணீர், ஒரு கைப்பிடி அருகம்புல். வேறு ஒன்றும் வேண்டாம்.