ஐப்பசியில் கல்லா நிறைகிறது, சித்திரையில் வட்டிக்கு வாங்குகிறேன்

கேள்வி: வணக்கம் சார். புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடி பக்கம் ரோட்டோரமாக 35 சென்ட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஏழு வருடமாக நர்சரி நடத்துகிறேன். மா, பலா, எலுமிச்சை ஒட்டுக்கன்று, ரோஜா, மல்லிகை, குரோட்டன்ஸ், தென்னை, தேக்கு எல்லாம் உண்டு. இரண்டு பெண்கள் வேலைக்கு இருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் 2.2 லட்சம் வரை விற்கும். பங்குனி முதல் வைகாசி வரை மூன்று மாதமும் சேர்த்தே 1.1 லட்சம்தான். ஒவ்வொரு ஆனியிலும் ஆடிக்குச் செடி இறக்கப் பணம் இருக்காது, 50,000 தண்டல் வாங்குவேன். 42,500 கையில் தருவார்கள், தினம் 500 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். இதுபோக 1.2 லட்சத்துக்கு நகை அடகில் இருக்கிறது, ரெண்டு வட்டி. இப்போது கையில் 70,000 இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் பசுமைக்குடில் போடலாம், பாதி மானியம், 6 லட்சம் வங்கிக் கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். போட்டால் வெயில் காலத்திலும் வியாபாரம் நிற்காது என்கிறார். போடலாமா? இந்த வருமானத்துக்கு வரி ஏதும் கட்ட வேண்டுமா? மாத விற்பனை, செலவுக் கணக்கை எழுதியிருக்கிறேன்.

பதில்: வணக்கம் சகோதரி. உங்கள் கணக்குத் தாளை இரண்டு முறை படித்தேன். மாதவாரியாக எழுதி வைத்திருக்கிறீர்களே, அதற்கே முதலில் பாராட்டு, ஏனென்றால் என்னிடம் கேட்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் "நல்லா போகுது சார், ஆனா கையில நிக்கல" என்பதற்கு மேல் ஒரு எண்ணும் சொல்ல மாட்டார்கள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். பசுமைக்குடில் இந்த வருடம் வேண்டாம். உங்கள் தொழிலில் லாபம் இருக்கிறது. உங்களுக்குக் குறைவது லாபம் இல்லை, ஆனி மாதத்துப் பணம். ஆறு மாதத்துக்கு முன்னால் உங்கள் கல்லாவில் இருந்த அந்தப் பணத்தை ஆனி வரை கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் வழி பார்க்க வேண்டும்.

நீங்கள் கொடுத்த எண்களைக் கூட்டினால் வருட விற்பனை 13.8 லட்சம். செடி வாங்கியது, மண், பை, உரம் சேர்த்து 6.2 லட்சம். இரண்டு பேர் கூலி 2.5 லட்சம். குத்தகை 36,000. கரண்ட், வண்டி வாடகை, சில்லறைச் செலவு 60,000. மிச்சம் 4 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். வீட்டுச் செலவு மாதம் 22,000 என்று எழுதியிருக்கிறீர்கள், அது 2.64 லட்சம். அப்படியானால் ஒன்றரை லட்சம் மீந்திருக்க வேண்டும். மீந்திருக்கவில்லை. வட்டிக்கு எவ்வளவு போகிறது என்று பாருங்கள்: நகைக்கு மாதம் 2,400, வருடத்துக்கு 28,800. தண்டலுக்கு 7,500. மொத்தம் 36,300. நிலத்துக்காரருக்குக் குத்தகையாகக் கொடுப்பதைவிட வட்டிக்காரருக்குக் கொடுப்பது 300 ரூபாய் அதிகம்! மீதி ஒரு லட்சத்துச் சொச்சம் ஐப்பசி, கார்த்திகையில் கல்லா நிறைந்திருக்கும்போது மொய், சீர், பிரிட்ஜ், வண்டி என்று போயிருக்கும். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆறு மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர்கள் பணம் வரும்போது செலவழிப்பார்கள், எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

தண்டலைப் பற்றி ஒரு வார்த்தை. 7,500 தானே என்று தோன்றும். ஆனால் 42,500 நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை, மறுநாளே 500 திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். ஐம்பதாவது நாளில் பாதிக்கு மேல் போய்விட்டது. சராசரியாகப் பார்த்தால் 21,000 ரூபாயை நூறு நாள் வைத்திருந்ததற்கு 7,500 வட்டி. ஆண்டுக் கணக்கில் இது 120 சதவீதத்துக்கு மேல் வரும். ஒட்டுக்கன்றில் இரட்டிப்பு விலை வைத்து விற்றாலும் அந்த வட்டிக்கு வாங்கிய முதலில் உங்களுக்கு என்ன நிற்கும்?

இப்போது குடிலுக்கு வருகிறேன். 6 லட்சம், ஐந்து வருடம், 11 சதவீதம் என்று வைத்தால் மாதத் தவணை 13,045 ரூபாய். வருடத்துக்கு 1.56 லட்சம். உங்களுக்கு நியாயமாக மிஞ்ச வேண்டிய ஒன்றரை லட்சத்தைவிட அது அதிகம். அதுவும் சித்திரையில் விற்பனை 30,000 ஆகும்போதும் அதே 13,045-ஐ அதே தேதியில் எடுப்பார்கள். தேசிய தோட்டக்கலை இயக்கத்தில் பாதி மானியம் உண்டு என்பது உண்மைதான், ஆனால் அது பின்னேற்பு மானியம். வேலையை முடித்து, அதிகாரிகள் வந்து பார்த்து, அப்புறம்தான் பணம் வரும். அதுவரை முழுத் தொகைக்கும் வட்டி உங்கள் தலையில். நிலம் குத்தகை, அதுவும் வருடா வருடம் வாய்ப்பேச்சில் புதுப்பிப்பது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அடுத்தவர் நிலத்தில் இரும்புக் குழாயை நட்டுவிட்டு, நாளைக்கு அவர் "மகளுக்கு வீடு கட்டணும்" என்றால் என்ன செய்வீர்கள்? பல வருடத்துக்கான குத்தகைப் பத்திரம் பதிவு செய்யாமல் அந்த நிலத்தில் பெரிய செலவு எதையும் செய்யாதீர்கள். ஓசூர்ப் பக்கம் கொய்மலருக்கு அந்தக் குடில் பொருந்தும், அங்கே குளிர்ச்சியும் உண்டு, வருடம் முழுக்கச் சந்தையும் உண்டு. ஆலங்குடி வெயிலில் பிளாஸ்டிக் கூரைக்குள் சூடு இன்னும் ஏறும். உங்கள் கடைக்கு நிழல்வலை போதும். தவிர, சித்திரையில் உங்களிடம் செடி இல்லாததால் விற்பனை குறையவில்லை. அந்த வெயிலில் குழி தோண்டி நட ஆள் இல்லை, தண்ணீர் இல்லை, அதனால் வாங்குபவர் வருவதில்லை. குடில் போட்டு அவர்களை வரவழைக்க முடியாது.

சரி, பணம் எங்கே இருக்கிறது? பையில் இருக்கிறது. கறுப்பு பாலித்தீன் பையில்.

என் சித்தப்பா சின்னதாக ஒரு நாற்றுப் பண்ணை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் அங்கே போனால் எனக்கு ஒரே வேலை, பை நகர்த்துவது. பாத்தியில் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் மாங்கன்று அடியில் பையைக் கிழித்துக்கொண்டு தரைக்குள் வேரை இறக்கிவிடும். தூக்கினால் "டப்" என்று ஒரு சத்தம் வரும், ஆணிவேர் அறுந்திருக்கும். ரெண்டு நாளில் இலை தொங்கிப் போகும். விற்காமல் நின்ற செடியை விற்கப் போகும் நேரத்தில் இழப்பது அப்படித்தான். அந்தச் சத்தம் கேட்டால் சித்தப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், செடியைக் கையில் வாங்கி நிழலில் கொண்டுபோய் வைப்பார்.

ஒவ்வொரு தையிலும் 4,000 பை மிஞ்சுகிறது, எட்டில் ஒன்று வெயிலில் போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாங்கன்றை எடுத்துக்கொள்வோம். 60 ரூபாய்க்கு வாங்கியது, 120-க்கு விற்பது. தையில் நிற்கிறது. ஆடி வரை வைத்திருந்தால் தண்ணீர் ஊற்றும் கூலி, பை மாற்றும் செலவு 25 ரூபாயாவது ஆகும் (ஆயிரம் பைக்கு ஒரு ஆளின் அரை நாள், 90 நாள் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்). எட்டில் ஏழுதான் பிழைக்கும், அதனால் 120 என்பது உண்மையில் 105. அதில் 25 போனால் 80. இதே கன்றைத் தையிலேயே 75-க்குத் தள்ளிவிட்டு அந்தப் பணத்தில் ரெண்டு வட்டி நகைக்கடனைக் குறைத்தால், ஆறு மாதத்தில் 9 ரூபாய் வட்டி மிச்சம், ஆக 84. விலையைக் குறைத்தால் நஷ்டம் என்று நினைக்கிறீர்கள், வைத்திருப்பதுதான் நஷ்டம்.

இதை எல்லாச் செடிக்கும் சொல்ல மாட்டேன். நான் கணக்குப் போட்டது ஆடியிலும் அதே 120-க்கு விற்கும் சாதாரணக் கன்றுக்கு. மா, பலா, தேக்கு வளர வளர விலை கூடும். அதில் நல்லதாக இருக்கிற கன்றுகளைப் பெரிய பைக்கு மாற்றி நிழல்வலைக்குள் வையுங்கள், அடுத்த வருடம் வீடு கட்டி முடித்தவர்கள் பெரிய கன்றாகத்தான் கேட்பார்கள். ரோஜா, குரோட்டன்ஸ், பூச்செடிகள் அப்படியில்லை. சித்திரை வெயிலில் ரோஜாவின் கதி என்னைவிட உங்களுக்குத் தெரியும். அந்த 1,500 செடியையும் மார்கழி பாதியில் தொடங்கித் தை முடிவதற்குள் காலி செய்யுங்கள். சராசரியாக 50 ரூபாய்க்குப் போனாலும் 75,000. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற நேரம், வாசலில் நாலு பூச்செடி வைக்க ஆசைப்படும் நேரம் அது.

வெயில் காலத்துக்கு உங்களுக்கு என்ன வேண்டும்? கூலி, குத்தகை, சில்லறை, வீட்டுச் செலவு சேர்த்து மாதம் 51,000. மூன்று மாதத்துக்கு 1.53 லட்சம். விற்பனை 1.1 லட்சம். குறைவது 43,000. அப்புறம் ஆனியில் செடி இறக்க ஒன்றரை லட்சம். மொத்தம் 1.93 லட்சம். இப்போது கையில் 70,000. இன்று முதல் மார்கழி கடைசி வரை இன்னும் 2.3 லட்சம் விற்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் நூற்றுக்கு 20 ரூபாயை அன்றன்றே தனியாக எடுத்தால் 46,000. தை விற்பனையில் 75,000. கூட்டினால் 1.91 லட்சம். கிட்டத்தட்ட வந்துவிட்டது, இந்த ஆனிக்குத் தண்டல்காரர் வாசலுக்கு வரத் தேவையில்லை. அடுத்த ஆடியிலிருந்து மார்கழி வரை உங்கள் விற்பனை 10 லட்சம், அதில் 20 சதவீதம் சரியாக 2 லட்சம். எப்படிப் பார்த்தாலும் அந்த 20 உங்களைக் காப்பாற்றும்.

இந்தப் பணத்தை அலமாரியில் வைக்காதீர்கள். நர்சரிக்கு என்று தனி வங்கிக் கணக்கு, ஜிபே கியூஆர் அட்டையும் அந்தக் கணக்குக்கே. சேருவதைச் சின்னச் சின்ன வைப்புத்தொகையாகப் போடுங்கள்: 15,000 வீதம் மூன்று, ஒன்று பங்குனி முதல் வாரம் முதிர்கிற மாதிரி, ஒன்று சித்திரை, ஒன்று வைகாசி. மீதி முழுக்க ஆனி பிறக்கும்போது முதிர வேண்டும். வட்டி கொஞ்சம்தான் வரும், வட்டிக்காக இல்லை, கல்யாணப் பத்திரிகை வரும்போது கை அதில் போகாமல் இருக்கத்தான். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் மாதம் 22,000 சம்பளமாக எடுங்கள், ஐப்பசியிலும் அதே 22,000.

அடகுக் கடையில் இருக்கிற நகையை வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ மாற்றுங்கள். வட்டி பெரும்பாலும் நீங்கள் கட்டுவதில் பாதிக்கும் கீழே வரும், வருடம் 14,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். இதை இந்த மாதமே செய்யலாம். எடைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், மீட்டு அன்றே மறு அடகு வைக்க ஒருநாள் கைமாற்று தேவைப்படும், கையிலிருக்கும் 70,000 அதற்கு உதவும், மீதி 50,000-க்கு வீட்டில் யாரையாவது கேளுங்கள்.

கடன் வேண்டவே வேண்டும் என்றால் அதன் உருவம் உங்கள் தொழிலுக்குப் பொருந்த வேண்டும். மாதத் தவணை உங்களுக்குப் பகை. முத்ரா திட்டத்தில் பிணையில்லாமல் நடைமுறை மூலதனமாக, ரொக்கக் கடன் கணக்காகக் கேளுங்கள். ஒன்றரை லட்சம் வரம்பு என்றால், ஆனியில் எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும்தான் வட்டி. ஆவணியில் கட்டிவிட்டால் வட்டி நின்றுவிடும். கொடுப்பதற்கு முன் வங்கி உங்கள் கணக்கில் ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்கும், தனிக் கணக்கு வேண்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நாற்று விற்பனைக்கான விதை விற்பனை உரிமம் எடுத்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை, இல்லையென்றால் உடனே எடுங்கள்.

வரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நர்சரியில் நீங்களே வளர்த்த கன்று, நாற்றில் வரும் வருமானம் விவசாய வருமானமாகவே கருதப்படும், 2008-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் அப்படித் திருத்தினார்கள். வாங்கி அப்படியே விற்கும் செடியும், தொட்டி, உர வியாபாரமும் அதில் சேராது. செடிக்கு ஜிஎஸ்டி இல்லை, பிளாஸ்டிக் தொட்டிக்கு உண்டு. இரண்டும் சேர்த்துத்தான் 40 லட்சம் வரம்பைப் பார்ப்பார்கள், நீங்கள் அதற்கு வெகு கீழே இருக்கிறீர்கள். பில்களை மட்டும் செடி தனி, சாமான் தனி என்று பிரித்து வையுங்கள்.

வெயில் காலத்தில் அந்த இரண்டு பெண்களையும் நிறுத்த வேண்டாம். ஏழு வருடமாகப் பதியனும் ஒட்டும் பழகிய கை, ஆடியில் தேடினால் கிடைக்காது. தண்ணீர் ஊற்ற 4,000 பைக்குப் பதில் 2,500 பைதான் இருக்கும், அந்த நேரத்தில் செம்மண், மணல், தொழு உரம் கலந்து பை நிரப்பட்டும். பலா, எலுமிச்சை, பப்பாளி விதை போடுங்கள், மழை தொடங்கியதும் மல்லிகைக் குச்சி நடுங்கள். ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து மல்லிகைப் பதியன் இறக்குகிறீர்கள், நல்ல செடிதான், ஆனால் அதில் நான்கில் ஒரு பங்கை நீங்களே போட்டால் ஆனியில் தேவைப்படும் ஒன்றரை லட்சமே குறையும். நான் குடிலுக்குப் பதிலாகச் சொல்லும் முதலீடு இதுதான்.

ஒன்று பாக்கி. கஜா புயல் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16, ஐப்பசி முடிகிற நேரம், நர்சரியில் செடி நிறைந்து நிற்கும் நேரம். அப்புறம் ஊரே தென்னங்கன்றுக்கு அலைந்தது, கன்று வைத்திருந்தவருக்கு வியாபாரம், வலையோடு பறிகொடுத்தவருக்குக் கடன். வட்டிப் பிரச்சினை தீர்ந்ததும் வருடம் 30,000 வீதம் புயலுக்கு என்று ஒதுக்குங்கள், மூன்று வருடத்தில் ஒரு லட்சத்தை நெருங்கும். எச்சரிக்கை வந்ததும் நிழல்வலையை அவிழ்த்து இறக்கிவிடுங்கள், கம்பம் சாய்ந்தால் செடியும் சேர்ந்து போகும்.

தை பிறந்த மறுநாள் பாத்தி பாத்தியாக எண்ணி, எந்தச் செடி எத்தனை பை, எப்போது வந்தது என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். எதைத் தள்ளிவிடுவது, எதைப் பெரிய பைக்கு மாற்றுவது என்று சேர்ந்து பார்ப்போம்.