ஆண்களுக்கான ஹார்மோன் சிகிச்சையும் காம்பவுண்டிங் பார்மசி விதிகளும்: கேள்வி பதில்

அமெரிக்காவில், டாக்டர் சீட்டுப்படி ஒரு நோயாளிக்கு ஏற்ப மருந்தைக் கலந்து தயாரித்துத் தரும் 'காம்பவுண்டிங் பார்மசி' ஒன்றில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை எடுப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், சட்டமும் விதியும் சம்பந்தப்பட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். டோஸ் பற்றிய கேள்விகளை விட்டுவிட்டேன். அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: காம்பவுண்டிங் பார்மசியில் தயாராகும் டெஸ்டோஸ்டிரோனுக்கு எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அங்கீகாரம் உண்டா?

கிடையாது. எந்தக் காம்பவுண்டிங் மருந்துக்கும் அந்த அங்கீகாரம் இல்லை. கம்பெனி மருந்து விற்பனைக்கு வருவதற்கு முன்பே அதன் பாதுகாப்பு, பலன், தரம் மூன்றையும் எஃப்டிஏ பரிசோதிக்கிறது. நாங்கள் கலந்து கொடுப்பதை அப்படி யாரும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. கம்பெனி மருந்து ஒத்துக்கொள்ளாத நோயாளிக்காகச் சட்டம் கொடுத்திருக்கும் விலக்கு இது. அதனால் சட்டவிரோதம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் விலக்கைப் பொதுவழி ஆக்கிவிடக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

கேள்வி: என் டாக்டர் டெஸ்டோஸ்டிரோன் சிப்பியோனேட் ஊசி எழுதினார். காம்பவுண்டிங் பார்மசியில் விலை குறைவு என்கிறார்கள். அங்கே வாங்கலாமா?

விலை மட்டுமே காரணம் என்றால் முடியாது. நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காம்பவுண்டிங் பார்மசிகளுக்கான 503ஏ என்ற மத்திய சட்டப்பிரிவின்படி, சந்தையில் கிடைக்கும் மருந்தின் நகலை நாங்கள் வழக்கமாகவோ அளவுக்கு மீறியோ தயாரிக்கக் கூடாது. எது நகல் என்று 2018 ஜனவரியில் எஃப்டிஏ விளக்கம் கொடுத்தது. அதே மூலப்பொருள், அதே வழியில் செலுத்துவது, அதே வீரியம் அல்லது எளிதில் ஈடுகட்டக்கூடிய வீரியம் என்றால் அது நகல். வீரியத்தில் 10 சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் அதுவும் நகல்தான். கம்பெனி மருந்து 200 மில்லிகிராம் என்றால் நான் 205 போட்டுக் கொடுத்துத் தப்ப முடியாது.

விதிவிலக்கு எப்போது? குறிப்பிட்ட அந்த நோயாளிக்கு மாற்றம் தேவை, அதனால் குறிப்பிடத்தக்க பலன் உண்டு என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். ஓர் உதாரணம்: சந்தையில் உள்ள சிப்பியோனேட் ஊசி பெரும்பாலும் பருத்திக்கொட்டை எண்ணெயில் கலந்தது. அது ஒவ்வாதவருக்கு ஊசி போட்ட இடம் தடித்துச் சிவந்துவிடும். "பருத்திக்கொட்டை எண்ணெய் அலர்ஜி, திராட்சை விதை எண்ணெயில் தயாரிக்கவும்" என்று சீட்டில் இருந்தால் எனக்குத் தெளிவு. "நோயாளிக்கு இதுதான் வேண்டும்" என்றோ "விலை குறைவு" என்றோ எழுதியிருந்தால் செல்லாது. அப்படி வரும் சீட்டுக்கு டாக்டரை அழைத்துக் காரணம் கேட்பேன். தாமதமாகிறதே என்று கோபப்படுபவர்கள் உண்டு. அந்த ஒரு வரி இல்லாமல் என்னால் மருந்து கொடுக்க முடியாது.

கேள்வி: முன்பு எச்சிஜி ஊசியைக் காம்பவுண்டிங் பார்மசியில் வாங்கினேன். திடீரென்று நிறுத்திவிட்டார்களே, ஏன்?

எச்சிஜி என்பது ஆண்களின் விந்தணு உற்பத்தியைக் காக்க எழுதும் ஹார்மோன். 2020 மார்ச் 23 முதல் அது 'பயோலாஜிக்', அதாவது புரதம் போன்ற உயிரிப் பொருட்களால் ஆன மருந்துகளின் வகைக்கு மாறிவிட்டது. 40-க்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்டது புரதம் என்பது எஃப்டிஏ வைத்திருக்கும் எல்லை. எச்சிஜியில் 237 உண்டு. காம்பவுண்டிங்குக்கான 503ஏ விலக்கு பயோலாஜிக்குக்குப் பொருந்தாது. அதனால் இப்போது நோவாரெல், ப்ரெக்னில் மாதிரியான அங்கீகரிக்கப்பட்ட மருந்துகள்தான் வழி. விலை அதிகம், இன்சூரன்ஸும் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் தம்பதிகளுக்கு இது பெரிய அடி, நேரில் பார்த்திருக்கிறேன். பதிலாகப் பல கிளினிக்குகள் கோனடோரெலின் என்ற வேறொரு ஹார்மோனை எழுதுகின்றன. அதில் பத்தே அமினோ அமிலம் என்பதால் இந்த விதி அதைத் தொடவில்லை. ஆனால் அது வேலை செய்யும் விதமே வேறு. எச்சிஜிக்கு நேர் மாற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: என் பெயரில் சீட்டு எழுதாமலேயே கிளினிக்கில் ஒரு குப்பியிலிருந்து ஊசி போட்டார்கள். சரியா?

குப்பி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கம்பெனி மருந்து என்றால் பிரச்சினை இல்லை. 503ஏ பார்மசி தயாரித்தது என்றால், ஒவ்வொரு நோயாளியின் பெயரிலும் சீட்டு இருக்க வேண்டும். கிளினிக் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. அப்படி இருப்பு வைக்கும் காம்பவுண்டிங் மருந்து 503பி நிறுவனத்திலிருந்து வர வேண்டும். எஃப்டிஏவில் பதிவு செய்து, தொழிற்சாலைத் தர விதிகளைப் பின்பற்றி, கடுமையான பக்கவிளைவுகளை எஃப்டிஏவுக்குத் தெரிவிக்கும் கடமை உள்ள இடம் அது. 503ஏ பார்மசிக்கு அப்படித் தெரிவிக்கும் கட்டாயம் மத்திய சட்டத்தில் இல்லை.

இந்த 503பி பிறந்த கதை வேதனையானது. 2012-ல் மாசசூசெட்ஸில் நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் தயாரித்த ஸ்டீராய்டு ஊசியில் பூஞ்சை கலந்து, மூளையுறை அழற்சி பல மாநிலங்களுக்குப் பரவியது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் புதிய சட்டம் கொண்டுவந்தது. "இவ்வளவு கெடுபிடியா" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கேள்வி: ஆன்லைன் டாக்டர் எழுதினால் போதுமா?

டெஸ்டோஸ்டிரோன் 'ஷெட்யூல் 3' மருந்து, அதாவது கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் மூன்றாம் பட்டியலில் உள்ளது. 2008-ம் ஆண்டின் ரையன் ஹேட் சட்டப்படி, பொதுவாக ஒருமுறையாவது நேரில் பரிசோதித்த பிறகே எழுத வேண்டும். கொரோனா காலத்தில் தளர்த்தி, பிறகு பலமுறை நீட்டித்தார்கள். நிரந்தரம் என்று எண்ணாமல் நேரில் பார்க்கக்கூடிய டாக்டர் ஒருவரையும் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு ஆறு மாதம்தான் செல்லும், அதற்குள் அதே சீட்டில் மீண்டும் வாங்குவது (ரீஃபில்) அதிகபட்சம் ஐந்து முறை.

கேள்வி: எனோக்ளோமிஃபீன் கிடைக்குமா?

எனோக்ளோமிஃபீன் என்பது க்ளோமிஃபீன் மருந்தின் ஒரு கூறு; உடலே டெஸ்டோஸ்டிரோன் சுரக்கத் தூண்டுவதற்காகக் கேட்கிறார்கள். எஃப்டிஏ அங்கீகரித்த எனோக்ளோமிஃபீன் மருந்து எதுவும் இல்லை. க்ளோமிஃபீன் உண்டு, அதுவும் பெண்களின் கருத்தரிப்புக்காக அனுமதி பெற்றது. ஆண்களுக்கு டாக்டர் தன் பொறுப்பில் எழுதுகிறார். எனோக்ளோமிஃபீன் கொடுக்கிறோம் என்று சொல்லும் இடத்தில், எந்தச் சட்ட அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. காம்பவுண்டிங் க்ரீம் பாதுகாப்பானதா?

கவனமாக இருங்கள். பூசிய தோல் குழந்தையின் மேல் பட்டால் ஹார்மோன் அங்கே போய்விடும். வயதுக்கு மீறிய பருவ மாற்றங்கள் குழந்தைகளிடம் தெரிந்ததால்தான் 2009-ல் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்களுக்கு எஃப்டிஏ கட்டம் கட்டிய எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. காம்பவுண்டிங் க்ரீமின் லேபிளில் அந்த எச்சரிக்கை இல்லாமல் போகலாம், ஆபத்து மட்டும் அதேதான். பூசியதும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், காய்ந்ததும் சட்டையால் மூடுங்கள், குழந்தையைத் தூக்குவதற்கு முன் அந்த இடத்தைக் கழுவுங்கள்.

கேள்வி: நல்ல பார்மசியை எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் மாநிலத்தின் பார்மசி போர்டு இணையதளத்தில் உரிமம் இருக்கிறதா, நடவடிக்கை ஏதும் உண்டா என்று பாருங்கள். வேறு மாநிலத்திலிருந்து அனுப்புகிறார்கள் என்றால், உங்கள் மாநிலத்துக்கு அனுப்பும் உரிமமும் வேண்டும். எஃப்டிஏ தளத்தில் அந்தப் பெயரில் எச்சரிக்கைக் கடிதம் உண்டா என்றும் தேடுங்கள். அப்புறம் போன் போட்டு, ஊசி மருந்தின் கிருமிநீக்கச் சோதனையும் வீரியச் சோதனையும் எங்கே நடக்கின்றன, கடைசி அறிக்கையைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். குப்பி கையில் வந்ததும் எந்த எண்ணெய், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) என்ன என்று லேபிளில் பாருங்கள். மூன்றில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் ஊசி போடுவதற்கு முன் பார்மசியை அழைத்துக் கேட்டுவிடுங்கள்.